இலவசச் சிகிச்சைக்குப் போவதற்கான செலவு: வன்னியில் ஒரு பல் நோயாளி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் பல் பிடுங்குவதற்கும் சூத்தை அடைப்பதற்கும் கட்டணம் இல்லை. ஆகவே பல் சிகிச்சைக்குக் காப்புறுதி தேவையா என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், "பல்லுக்கு ஆரும் காசு கட்டுவினமோ?" என்ற சிரிப்போடு அது முடிந்துவிடும். கீழே பதிவாகும் நிகழ்வில் அந்தக் கேள்வி சிரிப்போடு முடியவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், துணுக்காய்ப் பிரதேசத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட பல் நோயும், அவரிடம் இருந்த காப்புறுதி அவருக்கு எப்போது உதவியது, எப்போது உதவவில்லை என்பதும், அதன்பின் அவரது கிராமத்துப் பெண்கள் எடுத்த முடிவும் இங்கே தரப்படுகின்றன. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் அவரது சம்மதத்துடன் மாற்றப்பட்டுள்ளன. இதை எழுதுபவர் அப்பகுதி அரச வைத்தியசாலையொன்றின் பல் சத்திரசிகிச்சை நிபுணராக அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவர்.

எமது அமைப்பில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அதன்பின் ஒரு பெண்ணின் வாயை முறைப்படி யாராவது பரிசோதிப்பது அவர் கர்ப்பமுற்று, குடும்பநல உத்தியோகத்தர் அவரைப் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும்போதுதான். இந்த நோயாளி பிள்ளைகளைப் பெற்ற காலம் போரும் இடப்பெயர்வும் மீள்குடியேற்றமுமாக இருந்த காலம். எனவே அந்த வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. பதின்ம வயதுக்குப் பிறகு அவர் பல் வைத்தியரின் கதிரையில் அமர்ந்ததே இல்லை.

நோயாளியும் அவரிடமிருந்த காப்புறுதிகளும்

கணவனை இழந்தவர். மகள் உயர்தரம் படிக்கிறார், மகன் ஏழாம் ஆண்டு. விதைப்புக் காலத்தில் வயல் வேலை, பின்னர் களை பிடுங்கல், தை மாதத்தில் கச்சான் ஆய்தல் என நாட்கூலியில் குடும்பம் ஓடுகிறது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. கச்சான் காலத்தில் ஒரு நாள் வராதவரின் இடத்துக்கு மறுநாள் வேறொருவர் வந்துவிடுவார்.

காப்புறுதி அவருக்குப் புதிய விடயம் அல்ல. 2009 இற்குப் பின், மீள்குடியேற்றக் காலத்தில் ஏ9 வீதி வழியாக வந்த முகவர்களில் ஒருவரிடம் அவர் ஓர் ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தார். இரண்டாம் வருடத்தில் கட்டுப்பணம் தவறி அது காலாவதியானது, கட்டிய காசும் திரும்பவில்லை. ஊரில் இந்த அனுபவம் பலருக்கு உண்டு. இரண்டாவது, நுண்கடனோடு சேர்ந்து வந்த காப்புறுதி. கடனைக் கையில் கொடுக்கும்போதே ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். கடனாளி இறந்தால் மீதிக் கடன் தள்ளுபடி, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் இரவொன்றுக்கு ஒரு தொகை என்பது அதன் சாரம். அந்தப் பத்திரம் அவரது வீட்டில், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் இருந்தது. அதிலிருந்த விலக்குகளை எவரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. பற்களுக்கும் முரசுக்கும் அளிக்கப்படும் சிகிச்சை, விபத்தினால் நேர்ந்த சேதம் தவிர, அதில் விலக்கப்பட்டிருந்தது. வைத்தியசாலைக் காப்புறுதிகளில் இது பொதுவாகக் காணப்படும் விலக்கே.

மூன்றாவதை அவர் காப்புறுதி என்று சொல்லவில்லை. அது ஊர் மரண உதவிச் சங்கம். மாதச் சந்தா, இறப்பு வீட்டுக்குப் பணம், பந்தல், கதிரை, சமையல் உதவி என எல்லாம் ஒழுங்காக நடக்கும். அந்தச் சந்தாவை அவர் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. வன்னி மக்களுக்குக் காப்புறுதியில் நம்பிக்கை இல்லை என்று நகரத்துக் கருத்தரங்குகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கூட்டாகப் பணம் போட்டு ஒருவரின் இழப்பைத் தாங்குவதில் அவர்களுக்குத் தயக்கமே கிடையாது. தெரியாத கையில் காசைக் கொடுப்பதில்தான் தயக்கம்.

கார்த்திகை முதல் தை வரை

கார்த்திகை மாதத்தில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கொதி தொடங்கியது. தண்ணீர் பட்டால் கூச்சம், இரவில் காது வரை ஏறும் வலி. கராம்பு வைத்தார், உப்புத்தண்ணீரால் கொப்பளித்தார், பனடோல் போட்டார். ஒரு நாள் காலை பஸ் ஏறி எமது வைத்தியசாலைக்கு வந்தார். அவரது ஊரிலிருந்து வரும் முதல் பஸ் சேரும்போது அன்றைய இலக்கத் துண்டுகள் முடிந்திருந்தன. மறுநாள் வரச் சொல்லப்பட்டது. ஒரு நாள் கூலியும் இருவழிப் பஸ் காசும் போயிற்று, பல்லை எவரும் பார்க்கவில்லை.

இலக்கங்கள் மட்டுப்படுத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வைத்தியர், ஒரு கதிரை, தொற்றுநீக்கித் தயாராக இருக்கும் உபகரணத் தொகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கைதான் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் துண்டு கொடுக்கும் ஒழுங்கு, வைத்தியசாலைக்கு நடந்து வரக்கூடியவருக்கும் இரண்டு குளம் தாண்டி வருபவருக்கும் ஒரே விதமாக இருந்தது. காலை ஏழு மணிக்கு யன்னலடியில் நிற்க முடிந்தவருக்கே துண்டு. தூரத்து ஊரவருக்கு இலவசச் சிகிச்சை என்பது ஓட்டோ பிடிக்கக் காசு உள்ளவருக்கான சிகிச்சையாகவே இருந்துவந்தது.

அவர் மறுநாள் வரவில்லை. சில நாட்களில் வலி தானாக நின்றுவிட்டது. பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் சேர்ந்த கூழ் அழிந்துபோகும்போது வலி நிற்பது வழமை. நோயாளிக்கு அது சுகமானதாகத் தெரியும், கிருமியோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். "பல்லுப் போனா போகட்டும், உசிரே போகப் போகுது?" என்று அவர் அயலவரிடம் சொன்னதாக மகள் பின்னர் கூறினார். கராம்பு வேலை செய்தது என்றும் அவர் நம்பினார்.

தை மாதம், கச்சான் ஆயும் நாட்களில், கன்னம் வீங்கியது. பாமசியில் அமொக்சிலின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசைகள் சிலவற்றை வைத்தியரின் மருந்துத் துண்டில்லாமலே வாங்கிப் போட்டார். வீக்கம் குறைந்ததும் மீதியை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைத்தார். செத்துப்போன கூழுக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து தொற்றின் மூலத்தைச் சென்றடையாது. சுற்றியுள்ள திசுக்களில் தொற்றைச் சற்று அடக்கும், அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே வீக்கம் மீண்டும் வந்து, தாடைக்குக் கீழே இறங்கி, மறுபக்கத்துக்கும் பரவியது. காய்ச்சல் ஏறியது. தேநீர்கூட விழுங்க முடியவில்லை என்று கண்டதும் மகள் 1990 இற்கு அழைத்தார். 2018 இல் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட அந்த இலவச அம்புலன்ஸ் சேவைதான் அன்று அவரை எம்மிடம் சேர்த்தது.

அனுமதியின்போது கண்டவையும் எடுத்த முடிவும்

வாய் ஒரு விரல் அளவுக்குக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. தாடைக்குக் கீழ் இரு பக்கமும் பலகை போல இறுகியிருந்தது. நாக்கின் அடித்தளம் மேலே தள்ளப்பட்டிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துவாயில் துடைத்துக்கொண்டிருந்தார், குரல் அடைத்திருந்தது. படுக்கச் சொன்னபோது படுக்க மறுத்து, எழும்பி முன்னால் குனிந்து இருந்தார். இந்த ஒன்றே மூச்சுப்பாதை நெருக்கப்படுகிறது என்பதற்குப் போதுமான அறிகுறி. இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது, அவருக்கு நீரிழிவு இருப்பது அன்றுதான் தெரியவந்தது. 1836 இல் ஜேர்மன் வைத்தியர் லுட்விக் விபரித்து, அவரது பெயரால் இன்றும் அழைக்கப்படும் வாய்த்தளத் தொற்று இதுவே. இதில் உயிர் போவதற்கு முக்கிய காரணம் மூச்சுப்பாதை அடைபடுவது.

உறவினர் கேட்டது ஒன்றுதான்: "பல்லைப் புடுங்கினாச் சரிதானே டொக்டர்?" தொற்றின் மூலத்தை அகற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் திறக்காத வாயில், வீங்கிய திசுவில், மயக்கமருந்து நிபுணர் இல்லாத இடத்தில் அதைச் செய்ய முனைவது மூச்சுப்பாதையை முற்றாக அடைத்துவிடக்கூடும். ஆகவே இங்கே பல்லைத் தொடுவதில்லை என முடிவெடுத்தோம். நரம்பூசி வழியாக அன்ரிபயோட்டிக் தொடங்கி, சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஆரம்பித்து, வாய் முக சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் அறிவித்து, வைத்தியர் ஒருவர் கூடச் செல்ல, உட்கார்ந்த நிலையிலேயே அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம். அங்கே அன்றிரவே தாடைக்குக் கீழ் வெளிப்புறமாக வெட்டிச் சீழ் வெளியேற்றப்பட்டது, பல்லும் அகற்றப்பட்டது. சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பின்னர் விடுதியிலும் இருந்து வீடு திரும்பினார்.

ஒரு பல்லைப் பிடுங்குவதற்குப் பத்து நிமிடமும் ஓர் ஊசியும் போதும். கார்த்திகையில் அது கிடைக்காததால் அரசுக்கு ஆன செலவை நான் கணக்கிடவில்லை. குடும்பத்துக்கு ஆனது தெரியும்: கச்சான் காலக் கூலி முழுவதும் போயிற்று, மகள் பாடசாலைக்குப் போகவில்லை, யாழ்ப்பாணம் போய்வர ஒரு சோடித் தோடு அடைவு வைக்கப்பட்டது.

காப்புறுதிக் கோரிக்கை

கடனுடன் வந்த காப்புறுதியில் இரவொன்றுக்கு இவ்வளவு என்று உண்டல்லவா என மகளுக்கு நினைவு வந்தது. நோய் நிர்ணய அட்டையின் பிரதியோடு விண்ணப்பித்தார்கள். பல்லினால் ஏற்பட்ட தொற்று என்று அட்டையில் இருந்ததால், விலக்குப் பிரிவைச் சுட்டிக்காட்டி நிறுவனம் நிராகரித்தது. மேன்முறையீட்டுக்கு வைத்தியரின் கடிதம் வேண்டும் என்று மகள் எம்மிடம் வந்தார். "பல்லு எண்ட சொல்லை எடுத்திட்டு எழுத ஏலாதோ டொக்டர்? கழுத்தில வீக்கம் எண்டு மட்டும் போடுங்கோவன்."

அப்படி எழுதவில்லை. அட்டையும் கடிதமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நிறுவனம் இரண்டையும் நம்பாது. அந்தச் சந்தேகம் அதே ஊரிலிருந்து பின்னால் வரும் ஒவ்வொரு கோரிக்கை மீதும் விழும். அதைவிட, இந்த நோயாளியின் எஞ்சிய பற்களையும் நீரிழிவையும் இனிப் பார்க்கப்போகும் வைத்தியர்கள் அந்தப் பதிவையே நம்புவார்கள். கடிதத்தில் நடந்ததை முழுமையாக எழுதினோம். தொற்று தொடங்கியது பல்லில். அனுமதி பல் சிகிச்சைக்காக அல்ல, மூச்சுப்பாதையை அடைக்கவிருந்த கழுத்துத் தொற்றுக்காக. அந்த இரவுகள் தீவிர சிகிச்சைக்கும் வெட்டிச் சீழ் எடுத்ததற்கும் உரியவை. பல் அகற்றியது அந்தச் சத்திரசிகிச்சையின் ஒரு பகுதி மட்டுமே. விலக்குப் பிரிவு பற்களுக்கான சிகிச்சையை விலக்குகிறதே தவிர, பல்லில் தொடங்கிய உயிராபத்தை விலக்குவதாக அதன் வாசகம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தோம்.

மாதங்கள் கழித்துப் பணம் வந்தது. வந்த தொகை கடன் தவணை நிலுவைக்கே போயிற்று, அடைவுக் கடையில் இருந்த தோடு அங்கேயே இருந்தது. இதற்குள் ஊரில் வேறொரு கதை பரவிவிட்டது: "பல்லுக்கும் காசு குடுக்கிறாங்களாம்." இந்தக் கதை எம்மைக் கவலைப்படுத்தியது. சூத்தைப் பல்லை நேரத்தோடு அடைத்தவருக்கு ஒரு சதமும் இல்லை, கழுத்து வீங்கி அம்புலன்ஸில் போனவருக்குக் காசு என்பதை மக்கள் தவறாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்தக் காப்புறுதி உண்மையிலேயே அப்படித்தான் அமைந்திருந்தது.

சங்கத்தின் கூட்டம்

நோயாளியின் தமையன் கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் அவர் ஒரு யோசனை சொன்னார்: தங்கச்சிக்கும் ஊர்ப் பெண்கள் சங்கத்து உறுப்பினர்களுக்கும் பல் காப்புறுதி ஒன்று எடுத்துக் கொடுங்கள், முதல் வருடக் காசை நான் அனுப்புகிறேன். அவர் வாழும் நாட்டில் அது இயல்பான யோசனை. கனடாவின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி வைத்தியரையும் வைத்தியசாலையையும் உள்ளடக்கினாலும், பல் சிகிச்சையை நெடுங்காலம் பெரும்பாலும் வெளியே விட்டிருந்தது. வேலைத்தலம் தரும் காப்புறுதி இல்லாதவர் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. தனியார் பல் காப்புறுதி இல்லாத, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான கூட்டாட்சி அரசின் திட்டத்தில் 2024 இல்தான் சிகிச்சை தொடங்கியது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயார் 1965 இல் சட்டமானபோதே வழமையான பல் சிகிச்சையை விலக்கிவிட்டது. புலம்பெயர்ந்த உறவுகள் பல் என்றால் பணப்பயம் கொள்வதற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு எம்மையும் அழைத்திருந்தார்கள். தலைவி அனுபவசாலி. அவர் கேட்ட முதல் கேள்வியே விடயத்தின் நடுவில் விழுந்தது: "சாவு வீடு மாசத்துக்கு ஒண்டு வரும், தாங்குவம். சூத்தைப் பல்லு எல்லாற்ற வாயிலயும் கிடக்கு, ஆரைத் தாங்கிறது?" மரண உதவிச் சங்கம் நிலைப்பது, எல்லோரும் கட்டி ஒரு சிலர் ஒரு நேரத்தில் பெறுவதால். கட்டுபவர் அனைவருக்கும் சேதம் நிச்சயம் என்றால் அது காப்புறுதியாக இராது, சேமிப்பாக மாறிவிடும். வெளிநாடுகளில் பல் காப்புறுதிகள் வருடாந்த உச்ச வரம்பு வைப்பதற்கும் இது ஒரு காரணம்.

அடுத்து, எதற்குப் பணம் என்று பார்த்தோம். பிடுங்குவதும் அடைப்பதும் இலவசம். பெண்களிடம் கையுயர்த்தச் சொல்லாமல், ஒவ்வொருவராகக் கதைக்க விட்டபோது வந்தவை: ஒரு நாள் கூலி, பஸ் காசு, துண்டு கிடைக்காமல் திரும்பும் பயம், சின்னப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமை, "வாயைத் திறக்க வெக்கம்" என்று ஒருவர், ஊசிப் பயம் என்று சிலர். சிகிச்சைக்கான செலவை எவரும் சொல்லவில்லை. வெற்றிலை போடும் மூத்த பெண்களில் ஒருவர் மட்டும், தனக்குப் பிடுங்கப் பல்லே இல்லை, பல் கட்ட ஆர் காசு தருவது என்று கேட்டார். எமது வைத்தியசாலையில் செயற்கைப் பல் செய்யும் வசதி இல்லை. அவரது கேள்விக்கு அன்று பதில் இருக்கவில்லை.

முடிவு இவ்வாறு அமைந்தது. தமையனின் பணத்தையும் சிறு சந்தாவையும் கொண்டு, பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் உறுப்பினருக்குப் பஸ் காசும் அரைநாள் கூலியும் கொடுப்பது. தனியார் சிகிச்சைக்குக் கொடுப்பதில்லை. எமது பக்கத்தில், தூரத்து ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருவோருக்காகச் சில இலக்கங்களை ஒன்பதரை மணி வரை ஒதுக்கி வைப்பது என்றும், வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றுடன் வருபவரை இலக்கமில்லாமலே பார்ப்பது என்றும் தீர்மானித்தோம். துண்டு கொடுக்கும் ஊழியரிடம் இந்த மூன்றையும் கேட்கச் சொன்னோம். இரண்டு விரலை வாய்க்குள் நிறுத்திக் காட்டச் சொல்வதும் அதில் ஒன்று. அதற்கு வைத்தியப் பயிற்சி தேவையில்லை.

பின்னர் நடந்தவை

அந்த ஊரிலிருந்து வரும் பெண்களின் தொகை கூடியது. ஆனால் பெரும்பாலோர் பிடுங்கவே வந்தார்கள். அடைக்கக்கூடிய பல்லையும் "எடுத்துவிடுங்கோ டொக்டர், திருப்பி வரேலாது" என்றார்கள். இன்னொரு நாள் வருவதற்கு அச்சப்படும் ஒருவரின் கணக்கில் அது நியாயமானதே. ஆகவே முடிந்த இடங்களில் ஒரே வருகையில் இரண்டு பற்களை அடைக்கத் தொடங்கினோம். ஓரிருவர் சங்கத்தில் காசை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்ததாக முறைப்பாடு எழுந்தது. பல் சிகிச்சைப் பிரிவின் திகதி முத்திரை இட்ட துண்டைக் காட்டிய பின்னரே பணம் என்று தலைவி மாற்றினார், பிரச்சினை ஓய்ந்தது. பல்லில்லாத மூத்த உறுப்பினர்கள் சந்தா கட்ட மறுத்தார்கள். வெற்றிலை போடுவோருக்கு வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையே முக்கியம் என்று நாம் விளக்கியபின் சிலர் வந்தார்கள். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அது. பெண்களும் விதிவிலக்கல்ல. வந்தவர்களில் ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் இருந்த வெண்திட்டு மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது.

நோயாளி நீரிழிவு கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். எமது பிரிவுக்கு இரண்டு முறை வந்தார். அடுத்த தவணை சிறுபோக அறுவடையோடு மோதியதால் வரவில்லை.

மாற்ற வேண்டியவை

நீரிழிவு கிளினிக்கில் புதிதாகப் பதியும் ஒவ்வொருவரும் அதே நாளில் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட வேண்டும். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் இது நடப்பதில்லை. தனியாக இன்னொரு பஸ் காசு தேவைப்படாத ஒரே பல் பரிசோதனை அதுதான். பாமசிகளில் துண்டில்லாமல் அமொக்சிலின் கொடுப்பதைத் தடுப்பது எமது கையில் இல்லை. எனினும் பல்லுக்கொதி என்று வருபவரைக் குளிசையோடு எம்மிடமும் அனுப்புமாறு உரிமையாளர்களிடம் கேட்கலாம், ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

கடனோடு காப்புறுதி விற்பவர்கள் விலக்குப் பிரிவைத் தமிழில், கையொப்பத்துக்கு முன், வாசித்துக் காட்ட வேண்டும் என்று பிரதேச செயலகக் கூட்டத்தில் சங்கத் தலைவி கேட்டிருக்கிறார். குறைந்தபட்சம் பல்லில் தொடங்கும் அவசர அனுமதி விலக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தால் மேன்முறையீடுகள் தேவைப்படாது.

இலக்கம் ஒதுக்கும் ஒழுங்கு இன்னும் எழுத்தில் இல்லை. வருடாந்த இடமாற்றத்தில் பல் வைத்தியரோ துண்டு கொடுக்கும் ஊழியரோ மாறினால் அது நின்றுபோகும். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் கூட்டக் குறிப்பில் அதைச் சேர்க்குமாறு எழுத்துமூலம் கேட்டுள்ளோம். செயற்கைப் பல் பற்றிய மூத்த பெண்ணின் கேள்வியும் அதே கடிதத்தில் இரண்டாவது விடயமாக இடம்பெற்றுள்ளது.